ஒன்பதாம் நம்பர் கம்பி மேல் போட்ட வழக்கு

கிதாரை வைத்து மீன் பிடித்தான் என்று ஒரு மனிதன் மேல் வழக்குப் போட்ட ஊர் தோணிரேவு. அந்த மனிதன் நீலமேகம். எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதம் நடந்தது இது. ஊரே கூடி நாலு மணி நேரம் பேசியது. கம்பியைப் பற்றிப் பேசினார்கள், மீனைப் பற்றிப் பேசினார்கள், நீலமேகத்தின் பெண்டாட்டி மீன் விற்ற கதையைப் பேசினார்கள். அவன் வாசித்தது எப்படி இருந்தது என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதில்தான்.

நீலமேகம் ஏரியில் வலை இழுத்து வளர்ந்தவன். நடுவில் மூன்று வருஷம் ராயபுரத்தில் மூட்டை தூக்கப் போனான். அங்கே ஒரு கல்யாண ஹாலில் ஆங்கிலோ இந்தியப் பையன்கள் நாலு பேர் ராக் வாசித்ததை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அதில் ஒருத்தன் கிதாரின் கடைசிக் கம்பியை விரலால் அழுத்தி, அப்படியே மேலே தள்ளினான். சத்தம் அழுதுகொண்டே மாடிப்படி ஏறுவது போல ஏறியது. நீலமேகம் அன்றைக்கு ஜன்னலை விட்டு இறங்கும்போது உள்ளங்கையில் ஜன்னல் கம்பியின் துரு ஒட்டியிருந்தது. மறுவாரம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான்.

கிதார் ஜலீலுடையது. ஜலீல் ஏழு வருஷம் கப்பலில் எண்ணெய் போடும் வேலை பார்த்துவிட்டுப் பழவேற்காட்டில் மைக் செட் கடை வைத்தவர். சிங்கப்பூரிலிருந்து ஆசையாக ஒரு எலெக்ட்ரிக் கிதார் வாங்கி வந்தார். மூன்றாம் நாளே விரல் நுனி கிழிந்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டார்.

"நீலமேகம், வெரலு உன்னுது, கிதாரு என்னுது. ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்லது" என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டார். கூடவே பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, டிராக்டர் பேட்டரி ஒன்று, குழாய் ஸ்பீக்கர் ஒன்று. கப்பலில் பழகியவர்கள் வந்துபோகும்போது கம்பிக்கும் சொல்லி வைத்தார்.

கம்பி விஷயத்தில்தான் நீலமேகம் முதலில் அடிபட்டான். வந்தது ஒன்பதாம் நம்பர் செட். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக வெட்டி, அதில் ஒன்பது பங்கு பருமன்தான் அதன் கடைசிக் கம்பி. தலைமுடிக்கு அண்ணன், அவ்வளவுதான். வலைக் கயிறு இழுத்த கை அதை எப்படிப் பிடிக்கும்? தொட்டால் அறுந்தது. ஆறு மாதம் கம்பியை அறுத்ததைத் தவிர அவன் வேறு எதுவும் வாசிக்கவில்லை. அப்புறம் கையை அடக்கக் கற்றுக்கொண்டான். அடங்கிய பிறகு பார்த்தால் அந்த மெல்லிய கம்பி சொன்ன பேச்சு கேட்டது. அரை விரல் தள்ளினால் அரை சுரம் ஏறியது, முழு விரல் தள்ளினால் முழு சுரம். பதினோராம் நம்பர் செட் ஒன்றும் ஜலீல் கொடுத்திருந்தார். அது வேலிக் கம்பி மாதிரி இருக்கிறதென்று நீலமேகம் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

அடுத்தது பிக். கம்பியை மீட்டும் அந்தச் சின்ன முக்கோணத் துண்டு. கிதாரோடு வந்த ஒரே பிக் முதல் மாதமே ஏரியில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினான். உடைந்த பிளாஸ்டிக் வாளி, சோப்பு டப்பா, பெண்டாட்டி பச்சையம்மாவின் சீப்பு. கடைசியில் இரண்டு தேறியது. ஒன்று, பெரிய கொடுவா மீனின் காய்ந்த செதில். வளையும், மடங்கும், கம்பி மேல் இழுத்தால் ஆறு கம்பியும் சளசளவென்று ஒன்றாகப் பேசும், ஒன்றும் தனியாக நிற்காது. இன்னொன்று கொட்டாங்கச்சியைக் கண்ணாடித் துண்டால் சீவித் தேய்த்தது. இம்மி வளையாது. அதால் ஒரு கம்பியைத் தட்டினால் அந்தக் கம்பிதான் பேசும், ஆணி அடித்த மாதிரி. மெல்லிசுக் கம்பியும் கொட்டாங்கச்சியும் சேர்ந்தபோது, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, ராயபுரத்து ஜன்னலில் கேட்ட சத்தம் அவன் கையிலேயே கேட்டது.

கேட்டவர்கள் இல்லை. வீட்டில் வாசித்தால் பச்சையம்மா, "யோவ், கொழந்த தூங்குது, அத்தத் தூக்கினு எங்கனா போ" என்பாள். தெருவில் வாசித்தால் பல்வலி வந்த நாய் என்றார்கள். அதனால்தான் அவன் பேட்டரியையும் குழாயையும் தோணியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் போனான். ஒருத்தருக்கும் தொந்தரவு வேண்டாமென்று போன மனிதன். அவன் மேல்தான் வழக்கு. நியாயமா இது?

ஏரியில் நல்ல இடத்துக்கெல்லாம் பாடு உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வீடுதான் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு வரிசை கட்டியிருப்பார்கள். அடுத்தவன் முறையில் கை வைத்தால் வலையைப் பிடுங்கிக் கோயில் அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். போனது போனதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை துளசிங்கத்தின் பாடு. துளசிங்கம் வலை போட்ட இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில், நீலமேகம் தோணியை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு, கடைசிக் கம்பியைக் கிதார் கழுத்தின் பன்னிரண்டாம் கட்டில் அழுத்தித் தள்ளினான். சத்தம் ஏறியது. உச்சியில் போய் நடுங்கியது. அவனும் நடுங்கினான்.

கண்ணைத் திறந்தபோது தோணியில் மீன்.

மடவை மீன். சத்தம் கேட்டால் துள்ளுகிற சாதிதான் அது, ஒன்றிரண்டு தவறி விழும். இது அப்படியில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, தலைகள் எல்லாம் குழாய் ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, கச்சேரிக்கு வந்த மாதிரி கிடந்தன. ஒன்று ஆம்ப்ளிஃபயர் மேல் விழுந்து வாலால் தட்டிக்கொண்டிருந்தது, தாளத்தில். நீலமேகத்துக்குக் கோபம். பாட்டைக் கெடுத்துவிட்டதே என்று இரண்டை எடுத்துத் தண்ணீரில் வீசினான். அவை திரும்பி வந்து விழுந்தன.

அன்றைக்குத் துளசிங்கத்தின் வலையில் விழுந்தது ஒரு நண்டும் ஒரு ரப்பர் செருப்பும். நீலமேகத்தின் தோணியில் கிடந்ததைப் பச்சையம்மா இரண்டு கூடையில் அள்ளி, பழவேற்காட்டு மார்க்கெட்டில் கத்திக் கத்தி விற்றாள். வேறு என்ன சாட்சி வேண்டும்?

வியாழக்கிழமை காலை கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் அங்கமுத்து நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"தலைவரே, என் பாடு நாள்ள என் மீன இவன் இட்டுகினு போய்ட்டான்" என்றான் துளசிங்கம். அவன் நீலமேகத்துக்கு மச்சான் முறை. "வலை போட்டா நான் வெட்டிப் போட்டிருப்பேன். இவன் இன்னாமோ புதுசா ஒரு வலை வச்சிகினு கீறான்."

"அது வலை இல்லடா!" நீலமேகம் எழுந்தே விட்டான். "கிதாரு! பாட்டு வாசிக்கிறது!"

"பாட்டுன்ற. மீனு எங்க போச்சு?"

"நானா கூப்டேன்? அதுவா வந்துச்சு!"

"கூப்டாம வந்த மீன உம் பொண்டாட்டி ஏன் வித்தா?"

பின்னாலிருந்து பச்சையம்மா, "பின்ன நாற வுடுவாங்களா?" என்றாள். கூட்டம் அவள் பக்கம் சிரித்தது. தலைவர் கையைத் தூக்கினார். கிதாரைக் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். வலைக் கண்ணில் விரலை விட்டுப் பார்க்கிற பழக்கத்தில், இரண்டு கம்பிக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார். கடைசிக் கம்பியை நகத்தால் சுரண்டினார்.

"இது இன்னா நம்பரு?"

"ஒம்போது" என்றான் நீலமேகம்.

கூட்டத்தில் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏரியில் வலைக் கண்ணுக்கு அளவு உண்டு. கண் சிறுத்தால் பொடி மீனெல்லாம் மாட்டும், அடுத்த வருஷம் ஏரியில் ஒன்றும் மிஞ்சாது.

"ஒம்போதா?" என்றார் தலைவர். "அவ்ளோ சின்ன நம்பர வச்சிகினு ஏரீல எறங்கினியா? குஞ்சு மீன்லாம் இன்னா ஆவும்?"

"தலைவரே, அது கம்பியோட பருமன்! கம்பி மெல்லிசா இருந்தா வளைக்க ஈஸி, சத்தம் கூர்மையா வரும். அதுக்கும் குஞ்சு மீனுக்கும் இன்னா சம்பந்தம்?"

"மடவையே வந்துச்சுன்னா குஞ்சு வராதா?"

மைக் செட் ஜலீலைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "தலைவரே, ஒரு அங்குலத்த ஆயிரம் பங்கா வெட்டுங்க..." என்று ஆரம்பித்தார்.

"யாரு வெட்டுறது?"

"சும்மா ஒரு கணக்குக்கு."

"கணக்குக்குன்னாலும் வெட்டுறதுக்கு ஆள் வேணாமா பாய்?"

ஜலீல் உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு இதுதான்: வெள்ளிக்கிழமை காலை, ஊர் முன்னிலையில், கரையோரம் தோணியில் உட்கார்ந்து நீலமேகம் வாசிக்க வேண்டும். தண்ணீரிலிருந்து எதுவும் வராவிட்டால் கிதார் அவனுக்கு. ஏதாவது வந்தால் அது பிடிக்கும் சாமான், கோயில் அறையில் போட்டுப் பூட்டு.

அன்று மத்தியானம் ஜலீல் கடையில் நீலமேகம் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"குந்துப்பா" என்றார் ஜலீல். "வழி ரொம்ப சுலுவு. ஒம்போதாம் நம்பரக் கழட்டு. பதினொண்ணு மாட்டு. வேலிக் கம்பின்னு சொன்னியே, அத்தான். அத்த ஒன்னால வளைக்க முடியாது. கொட்டாங்கச்சிய வீட்லயே வச்சிட்டு செதிலால வாசி. சளசளன்னு கேக்கும், ஒரு தவளகூட திரும்பிப் பாக்காது."

"மோசமா வாசிக்கச் சொல்றியா பாய்?"

"மீனு வராத மாதிரி வாசிக்கச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான! நாலு வருஷமா நாய்க்கும் பூனைக்கும் வாசிச்சேன். நாளைக்கு மொத மொதல்ல ஊரே வந்து நிக்கப் போவுது. சுண்ணாம்புக்குளத்துலர்ந்து வராங்களாம். அவங்க முன்னால நான் நாஸ்தியா வாசிக்கணுமா?"

"கிதாரு வேணுமா, வேணாமா?"

நீலமேகம் பொட்டலத்தைப் பிரித்தான். பதினோராம் நம்பர் கம்பியை முறுக்கி ஏற்ற ஏற்ற, கிதாரின் கழுத்து லேசாக முனகியது. அவன் பல்லும் முனகியது.

வெள்ளிக்கிழமை காலை கரையில் மணல் தெரியவில்லை. காட்டூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நீலமேகம் தோணியை மணலில் பாதி ஏற்றி நிறுத்திவிட்டு, குழாயைக் கட்டி, கிதாரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகு. அத்தனை பேரும் அவனைத் தாண்டி முன்னால் போய், முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று, ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் கூடை. அவன் பக்கம் திரும்பியிருந்தது ஒரு ஆடு மட்டும்.

"ஆரம்பிப்பா!" என்றார் தலைவர், அவரும் ஏரியைப் பார்த்தபடி.

செதிலால் வாசித்தான். சளசளசள. பெரிய கம்பி விரலுக்கு அடங்காமல் மொத்தையாக முணுமுணுத்தது. கால் மணி நேரம் வாசித்தான். தண்ணீரில் ஒரு குமிழி வரவில்லை. அவனுக்கு வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் ஏதோ ஒழுகியது.

"போதும்" என்றார் தலைவர். "ஒண்ணுமில்ல. கிதாரு அவனுக்கே..."

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். துளசிங்கம் விடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "வுடுங்க தலைவரே. நான் கேஸ வாபஸ் வாங்கிக்கறேன். செவ்வாக்கெழம மீனு தானா துள்ளியிருக்கு. இவனுக்கு வாசிக்கவே தெரியல, பாவம். இதுக்குப் போயி மீனு எங்க வரும்?"

கரை முழுக்கச் சிரிப்பு. காட்டூர்க்காரன் வண்டி மாடுகூட மணியை ஆட்டியது.

நீலமேகம் செதிலைத் துப்பினான். அதைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. மடியில் கைவிட்டு, வீட்டில் வைத்துவிட்டு வந்ததாக ஜலீலிடம் சத்தியம் செய்த கொட்டாங்கச்சியை எடுத்தான். ஜலீல், "வேணாம்பா, வேணாம்!" என்று கையை ஆட்டினார். பதினோராம் நம்பர் கம்பியை அவனால் வளைக்க முடியாது என்றுதானே சொன்னார்? பத்து வயதிலிருந்து ஏரியையே இழுத்த கை இது. நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்த பலத்தை மொத்தமாக அவிழ்த்து விட்டான். அழுத்தினான், தள்ளினான். கம்பி முதலில் முறைத்தது. பிறகு ஏறியது. விரல் நுனி பிளந்தது. மெல்லிய கம்பி அழுதுகொண்டு ஏறும் என்றால், இந்தக் கம்பி அழாமல் ஏறியது, தலையில் மூட்டையோடு ஏறுகிற ஆள் மாதிரி. சத்தம் அவ்வளவு கனம். குழாய் ஸ்பீக்கரின் வாய் பிளந்து, அதற்குள் கூடு கட்டியிருந்த குளவிகள் ஊரைவிட்டே போயின.

ஒரு மடவைகூடத் துள்ளவில்லை. நண்டு வந்தது.

முதலில் ஒன்று. பிறகு பத்து. பிறகு ஏரியின் அடிச்சேறே எழுந்து நடந்து வருவது போலப் பச்சை நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில், வரிசையாக. முழங்கால் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு திரும்பிக் கரையேறி ஓடி வந்தார்கள். அப்படித்தான் அவன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஊர் மொத்தமும் அவனை நேருக்கு நேர் பார்த்தது. ஓடி வந்த வேகத்தில் கூடையைத் திருப்பிப் போட்டு நண்டைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டது. அது வேறு விஷயம்.

துளசிங்கத்தின் வேட்டியில் மூன்று நண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் கோயில் படி மேல் ஏறி நின்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் பூட்டு என்று சொல்லவில்லை. நண்டு வாசனை அடுப்படிகளிலிருந்து வர ஆரம்பித்திருந்தது, பூட்டச் சொன்னால் பெண்கள் விட மாட்டார்கள்.

"கிதாரு பிடிக்கிற சாமான்தான். இனிமே அதுக்கும் ஒரு பாடு. இருவத்தோரு நாளைக்கு ஒரு நாள். மத்த நாள்ள தண்ணிகிட்ட கொண்டாரக் கூடாது. பதினொண்ணுக்குக் கீழ கம்பி போடக் கூடாது, குஞ்சு மீன் பாவம் சும்மா வுடாது. பாட்டு நாள்ள மத்தவங்க யாரும் பேசக் கூடாது, தண்ணீல கழி அடிக்கக் கூடாது, இருமுறதுன்னாகூட தூரப் போயி இருமணும். எல்லா வலைக்கும் உள்ள சட்டம் இதுக்கும் உண்டு."

"அது வலை இல்ல!" என்று கத்தினான் நீலமேகம். விரலைத் துணியால் சுற்றியிருந்தான். "கிதாரு! இசை! ஒங்க யாருக்குமே காதே இல்லியா?"

"எழுதிக்கோ, நீலமேகம் வலை ஒண்ணு" என்றார் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம்.

அன்று முழுக்க அவன் நண்டு தொடவில்லை. பச்சையம்மா ஆக்கிய குழம்பை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஊரில் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித் திட்டினான். சட்டத்தைத் திரும்பத் திரும்ப மனசில் ஓட்டி ஓட்டித் திட்டினான். அப்படி ஓட்டியதில் மூன்றாம் நாள் ஒரு இடத்தில் நின்றான். யாரும் பேசக் கூடாது என்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

இருபத்தோராம் நாள் விடிந்தது. ஊர் கூடையோடு கரையில் உட்கார்ந்தது. ஒருத்தர் வாய் திறக்கவில்லை. குழந்தைகள் வாயில் முந்தானை. நீலமேகம் தோணியில் உட்கார்ந்து, விரல் காய்த்துப்போன கையில் கொடுவா செதிலை எடுத்தான். எதுவும் வராதென்று தெரிந்தேதான் எடுத்தான். இன்றைக்கு அவன் எதையும் பிடிக்கப் போவதில்லை. ராயபுரத்தில் கேட்டது, தானாகக் கட்டியது, ஜலீலின் கேசட்டில் கேட்டுப் பாதி மறந்தது என்று நாலு வருஷத்துச் சரக்கையும் காலையிலிருந்து வரிசையாக இறக்கினான். நண்டு வரவில்லை. மீன் வரவில்லை. யாராவது முனகினால் தலைவர் முறைத்தார், சட்டம் சட்டம்தான். கூடைகள் காலியாக இருந்தன. எழுந்து போகவும் பயம், போன பிறகு வந்துவிட்டால்?

மத்தியானம் சாய்ந்த பிறகு, கைக்குத் தண்ணீர் காட்ட அவன் கொஞ்சம் நிறுத்தினான். துளசிங்கம் குனிந்தபடியே தோணிப் பக்கம் வந்து, சட்டத்துக்குப் பயந்து காதோடு பேசினான்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத."

"நண்டு வர்லன்னு சொல்லப் போற. போடா."

"நண்ட வுடுப்பா. காலைல ஒண்ணு வாசிச்சியே, ஏறி ஏறி வந்து கடைசீல பொத்துனு வுழுமே, அது. அத்தப் போயி இந்தச் செதிலால வாசிக்கலாமா? சளசளன்னு கீது. ஏர்ற எடமே காதுல வுழல. இவ்ளோ பெரிய கம்பிக்குக் கெட்டியான பிக்கு வேணாமா? இதுகூடவா தெரியாது ஒனக்கு?"

நீலமேகத்துக்கு உச்சந்தலை வரை ஏறியது. நாலு வருஷமாக வாளியையும் சீப்பையும் வெட்டிப் பிக் செய்தவன் அவன். கம்பிக்கு ஒரு விரல் பிளந்தவன் அவன். ரப்பர் செருப்புப் பிடித்த பயல் வந்து அவனுக்குப் பிக் சொல்லித் தருகிறான்! அதைவிடக் கொடுமை, சொன்னது சரியாக வேறு இருந்தது.

"எனக்கே சொல்றியா நீ?" மணலைக் காட்டினான். "குந்து. அங்கியே குந்து. இப்ப கேளு, கேட்டுட்டு எங்க தப்புன்னு சொல்லு!"

செதிலை வீசிவிட்டுக் கொட்டாங்கச்சியை எடுத்தான். கரை அதைப் பார்த்துவிட்டது. துளசிங்கம் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் நண்டு நினைப்பில் காலைத் தூக்கிக் காலிக் கூடைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி, அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.